பெயர் உள்ளவர் கையில்

அக்டோபர் 3

அன்புள்ள அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. உங்கள் இருமல் நின்றதா?

இன்று முதல் உங்களுக்கு எழுதும் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்கள் வீட்டில் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. அதை எழுதிவைக்க என்னை விட்டால் ஆள் இல்லை. நான்கு வருடமாக மனுப் போட்டுக் காத்திருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இந்த முறை குலுக்கலில் ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டது. தபால் நிலையத்தில் தனக்கு வந்த உறையை அப்பா அங்கேயே பிரிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு எல்லா வீட்டுக்கும் தபால் கொடுத்து முடித்து, கடைசியாக நம் வீட்டு வாசலில் நின்று "தபால்" என்று குரல் கொடுத்தார். அம்மா வந்ததும் இருவர் பெயரையும் படித்துவிட்டுத்தான் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிவாசல் கூடத்தில் பயிற்சி வகுப்பு. நடுவில் ஒரு மேசையைக் கருப்புத் துணியால் மூடி, அதைக் கஃபாவாக நினைத்து ஏழு சுற்றுச் சுற்றச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஐந்தா ஆறா என்று குழப்பம் வந்துவிடுகிறது. கல்லெறிவதற்குப் பழகக் காகித உருண்டை கொடுத்தார்கள். அப்பா எறிந்தது வகுப்பு எடுக்கும் ஹாஜியாரின் கண்ணாடியில் பட்டது. "ஷைத்தான் அந்தப் பக்கம் இருக்கான் தபால்காரரே" என்றார் அவர்.

உங்களுக்காக அங்கே என்ன துஆ கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன்.

உங்கள் நலனைக் கேட்டு முடிக்கும்,
மருமகள்


அக்டோபர் 21

எல்லாவற்றையும் உண்மையாக எழுதப்போகும் என் குட்டி வாத்தியாரம்மாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது.

அம்மாவைத் தினமும் அரை மணி நேரமாவது நடக்கச் சொல். புதுச் செருப்பை இப்போதே வாங்கிப் போட்டுப் பழகட்டும். போகும் நாளில் புதுச் செருப்புப் போட்டவர்களின் குதிகாலுக்கு நான் எத்தனையோ முறை கட்டுப் போட்டிருக்கிறேன். இந்தக் கிளினிக்கில் என் வேலை டோக்கன் கொடுப்பதுதான். ஆனால் நர்ஸ் வராத நாளில் கட்டுப் போடுவதும் ஊசிக்குத் தயார் செய்வதும் நான்தான். டாக்டர் அப்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

உன் அப்பா தபால்காரன் வேலையில் சேர்ந்த செய்தி வந்த அன்று நான் வெகுநேரம் சிரித்தேன். ஏன் என்று கேட்காதே.

துஆ பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

நன்றாகச் சாப்பிட்டு நன்றாகப் படி.
அத்தை


நவம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் நேராகச் சொல்வதில்லை. அம்மா நடக்கத் தொடங்கிவிட்டார்.

போன வாரம் ஹாஜியார் ஒன்று சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். "உனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல இருக்கறதை அவன் மன்னிச்சிடுவான். இன்னொருத்தருக்கு நீ செஞ்சதை, அந்த ஆளுதான் மன்னிக்கணும். அதை முடிச்சிட்டு விமானம் ஏறுங்க."  வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை உட்காரவைத்து ஒரு வாசகம் சொன்னார்: "தெரிந்தோ தெரியாமலோ என்னால் தங்களுக்கு ஏதேனும் மனவருத்தம் நேர்ந்திருந்தால், அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்துவிடவும்." அறுபத்திரண்டு பேருக்கு எழுதினேன். என் நடுவிரலில் காய்த்துவிட்டது. அப்பா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரில் போய்க் கொடுக்கிறோம். தையல்காரர் படித்துவிட்டு, "நான் தைச்ச சட்டையில கை ஒண்ணு நீளம்னு தெரு முழுக்கச் சொன்னியே, அதுவும் இதுல சேர்ந்துருச்சா?" என்று கேட்டார். முடிதிருத்துபவர் மன்னித்தார், ஆனால் குடையைத் திருப்பிக் கேட்டார். எதிர்வீட்டு அம்மாவுக்குத்தான் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. அவர்கள் வீட்டுத் தபாலை அப்பா ஒருநாளும் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. அந்த அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. "பெத்த பிள்ளைகிட்டக் குடுத்தா என்ன ஓடியா போயிடும்?" என்றார். அப்பா மன்னிப்புக் கேட்டார். ஆனால் மறுநாளும் அவரைத்தான் கூப்பிட்டார். உங்கள் கடிதம் வந்தால் எனக்கும் அப்படித்தான். வாசலில் நின்று "தபால்" என்று சொல்லி, உறையில் உள்ள பெயரைப் படித்து, நான் கை நீட்டினால்தான் தருவார். பெயர் உள்ளவர் கையில் மட்டும் என்பது அவர் சட்டம். சொந்த மகளுக்குச் சலுகை கிடையாது.

உங்களுக்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். எண் 41. அவர்கள் போகும் நாற்பது நாளும் நீங்கள் இங்கே வந்து என்னோடு இருப்பீர்களா? இந்த வீட்டுக்கு நீங்கள் ஒருமுறைகூட வந்ததில்லை என்று கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மருமகள்


டிசம்பர் 17

வாத்தியாரம்மாவுக்கு,

ஸலாம். சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிளினிக்கில் கூட்டம். காய்ச்சல்காரர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் டோக்கன் எண்ணைச் சொன்னால் மூன்று பேர் எழுந்திருக்கிறார்கள்.

உன் அம்மாவுக்கு இரண்டு ஜோடி தடித்த காலுறை அனுப்பியிருக்கிறேன். வெயிலில் கல்தரை சுடுமாம். தடுப்பூசி போட்ட கையை அன்று முழுவதும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ளும்.

தாள் வந்தது. உன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

அத்தை


டிசம்பர் 28

அன்புள்ள அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காலுறை அம்மாவுக்குச் சரியாக இருக்கிறது. எல்லோரும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன். உண்மையாக எழுதுவதாகச் சொல்லிவிட்டதால், அப்பா அவ்வளவு நலமில்லை என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வேற ஒண்ணும் எழுதலையா?" என்றார். இல்லை என்றேன். சாப்பிடும்போது மறுபடி கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, தாளின் பின்பக்கத்தைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன், வெறுமையாக இருந்தது. இரண்டு ஞாயிறாக அவர் வகுப்புக்கு வரவில்லை. கால் வலி என்கிறார். அந்தக் காலோடு பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிறார்.

அத்தை, அறுபத்தொரு பேரும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சரி போட்டிருக்கிறேன். எண் 41 மட்டும் காலியாக இருக்கிறது. தாள் மட்டமாக இருந்தது ஒரு காரணமோ என்று நினைத்து, இன்னொன்றை நல்ல தாளில், கோடு போட்டு, மறுபடி எழுதி அனுப்புகிறேன். ஒரு வரி போதும்.

நீங்கள் வருவது பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

மருமகள்


ஜனவரி 24

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

நல்ல தாளும் வந்தது. "தெரிந்தோ தெரியாமலோ" என்று எழுதியிருக்கிறான். அந்த இரண்டில் எது என்று உன் அப்பாவைக் கேட்டுச் சொல்.

அத்தை


பிப்ரவரி 6

அன்புள்ள அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடல்நலம் பற்றி ஒரு வரி போதாது, அடுத்த முறை இரண்டாக எழுதுங்கள்.

கேட்டேன். எங்கே, எப்படி என்று சொல்கிறேன். அன்று பள்ளி அரை நாள்தான். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தபால் நிலையத்தின் பின்கட்டுக்குப் போனேன். அங்கே சுவர் முழுக்க மரத்தில் சிறு சிறு அறைகள். ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அறை. அப்பா கடிதங்களைப் பார்க்காமலே சரியான அறையில் போடுவார். சாக்குப் பையிலிருந்து ஈர வாடை வந்துகொண்டிருந்தது. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, "தெரிஞ்சா, தெரியாமலான்னு அத்தை கேக்கறாங்க" என்றேன்.

அப்பா கையிலிருந்த கடிதக் கட்டை மேசைமேல் வைத்தார். பிறகு ஒன்றை எடுத்து ஒரு அறையில் போட்டார். தப்பான அறை. எனக்கே தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் சிரித்தபடி, "என்னண்ணே, இப்பவே மனசு மக்காவுக்கு, அரஃபாத் மைதானத்துக்குப் போயிடுச்சா?" என்று கேட்டு எடுத்து மாற்றினார். அப்பா என்னைப் பார்க்காமல், "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வீட்டுக்கு வந்து, இந்த ஒன்றை நானே எழுதுகிறேன் என்றார். நான்கு தாள் கிழித்தார். ஐந்தாவதை உறையில் போட்டு ஒட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

புறப்பாடு மார்ச் 12.

மருமகள்


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நலமா என்று கேட்டு எழுதி நாளாகிவிட்டது. அந்த மன்னிப்புத் தாளைக்கூடப் பிள்ளையை எழுதவைத்து நான் கீழே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

தெரிந்துதான் செய்தேன்.

அன்று வழக்கமான தபால்காரர் விடுப்பு. மாற்றாக வந்தவருக்கு நம் வீடு தெரியாது. கேட்டில் நின்ற என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் நிற உறை. நர்ஸ் பயிற்சிப் பள்ளியின் முத்திரை இருந்தது. நீ உள்ளே துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா வேலைக்குப் போனால் விளக்கு வைத்தபின்தான் வருவார். நீயும் போய்விட்டால் காலையில் என்னை யார் எழுப்புவது என்றுதான் நினைத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. உறையை மரப்பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்துக்குப் பின்னால் செருகினேன்.

நாளை கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். நீ தினமும் கேட்டுக்கு வந்து, "எனக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாய். தபால்காரர் இல்லை என்று தலையாட்டுவார். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடிதம் வராதவர்கள் தேர்வாகவில்லை என்று அறிவிப்பில் போட்டிருந்ததாக நீயே சொல்லி, ஒருநாள் கேட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். அதன் பிறகு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைத்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியைப் பார்த்தேன். அங்கே இல்லை. பூச்சி தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இருபத்தாறு வருடமாக யார் தபாலையும் நான் தவறவிட்டதில்லை. அது உன் கடிதத்துக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை.

அக்கா, நான் செய்தது இது. இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா? நலமில்லாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள்.

அப்பா என்னிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். எனக்கும் இப்போது பதின்மூன்று வயது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கொடுத்திருப்பேன் என்று சுலபமாக எழுத முடியவில்லை. ஆனால் நீங்கள் கேட்டில் நின்றதையும் யோசித்தேன். அதனால் உங்களைக் கெஞ்சவும் எனக்குக் கை வரவில்லை.

நடப்பதை மட்டும் எழுதுகிறேன். அப்பா தினமும் காலையில் சாக்குப் பை பிரிக்கும்போது முதல் ஆளாக நிற்கிறாராம். மத்தியானம் வந்ததும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தலையசைக்கிறார். நேற்று அம்மாவிடம், "நான் வரலை. அக்கா மன்னிக்காம அங்க போய் நின்னு நான் என்னத்தைக் கேக்கறது?" என்றார். அம்மா மடித்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வருஷம் காத்திருந்து வந்த பேரு. நீங்க வராம நான் மட்டும் எப்படிப் போறது? அண்ணி ஒண்ணும் கல்லு இல்லை" என்றார். ஹாஜியார் வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, இனிப் புறப்படுங்கள் என்றார்.  பெட்டி பாதி அடுக்கியபடி கிடக்கிறது. அம்மாவின் துணிகள் மட்டும் இருக்கின்றன.

இன்னும் எட்டு நாள்.

மருமகள்


மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இது நீங்கள் தங்கும் விடுதிக்கு நான் எழுதும் முதல் கடிதம். நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அம்மா, காலுறையை மறக்காதீர்கள். நான் நலம். அத்தையும் நலம், பக்கத்தில்தான் இருக்கிறார்.

காலையில் நடந்ததை எழுதிவைக்கிறேன். நீங்கள் இருவரும் அழுதுகொண்டிருந்ததால் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வழியனுப்பும் கூடத்தில் இருட்டு பிரிவதற்கு முன்பே கூட்டம். புறப்படும் ஆண்கள் எல்லோரும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணியில் இருந்ததால் யார் தொழிலாளி, யார் முதலாளி என்று தெரியவில்லை. அம்மாவைத் தனியே அனுப்ப மனமில்லாமல்தான் அப்பா வந்தார் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் "வந்துவிட்டேன் இறைவா" என்று "லப்பைக்" சொல்லும்போது அவர் உதடு மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அத்தை வந்தார். தோளில் துணிப்பை, கையில் எக்ஸ்ரே வைக்கும் பெரிய உறை. பேருந்தில் உட்கார்ந்தே வந்ததால் புடவை ஒரு பக்கம் கசங்கியிருந்தது. அம்மா "வாங்க அண்ணி" என்றார். அத்தை அம்மாவின் கையைப் பிடித்துவிட்டு நேராக அப்பா முன்னால் போய் நின்றார். அப்பா எழுந்தார். தோள் துணி நழுவியது. அதைச் சரிசெய்யக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"பதில் எழுதினேன்" என்றார் அத்தை. "நம்ம வீட்டுக்குத் தபால்ல போட்டா வந்து சேருமான்னு சந்தேகம். அதான் நானே வந்துட்டேன்."

வழியனுப்ப வந்திருந்த நம் தையல்காரர் மட்டும் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

அத்தை எக்ஸ்ரே உறைக்குள்ளிருந்து சாம்பல் நிற உறையை எடுத்தார். ஓரம் பழுத்திருந்தது. ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருந்தது. "அப்ப உனக்குப் பதினேழு வயசு. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பெட்டியை நகத்தினப்பக் கெடைச்சுது" என்றார்.

அப்பா, "ஏன்க்கா பிரிக்கலை?" என்றார்.

"யாரும் குடுக்காம நான் எப்படிடா பிரிக்கறது?"

அந்த உறையை அப்பா கையில் வைத்தார். "உன் வேலையைச் செய்."

அப்பா உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.  அவர் நிமிர்ந்து, நம் வாசலில் சொல்வதுபோலவே, "தபால்" என்றார். பாதிக் குரல்தான் வந்தது. பிறகு உறையில் இருந்த அத்தையின் பெயரையும், அந்தப் பழைய வீட்டின் எண்ணையும், தெருவையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அத்தை கை நீட்டினார். அப்பா கொடுத்தார்.

"கொஞ்சம் லேட்டு" என்றார் அத்தை. பிறகு அப்பாவின் தோள் துணியை இழுத்துச் சரிசெய்தார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல. "மன்னிச்சாச்சு. போ. எனக்காக ஒண்ணும் கேக்க வேண்டாம், இந்த இருமல் மட்டும் போகட்டும். வழியில உன் வீட்டுக்காரி முழங்காலைப் பாத்துக்கோ."

அப்பா, நீங்கள் உள்ளே போகும்போது "லப்பைக்" என்று சொன்ன குரல் வெளியே எனக்குக் கேட்டது. எல்லோர் குரலுக்கும் நடுவில் அது தனியாகத் தெரிந்தது.

நீங்கள் போனபின் நடந்ததையும் எழுதுகிறேன். நானும் அத்தையும் கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தை கொண்டை ஊசியால் உறையின் ஓரத்தைக் கிழியாமல் பிரித்தார். ஒரே ஒரு தாள். இரண்டு முறை படித்தார். என்னிடமும் காட்டினார். மடித்து, உறையில் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என் பள்ளி எத்தனை மணிக்கு, காலையில் என்னை எழுப்ப வேண்டுமா, நானே எழுந்துவிடுவேனா என்று கேட்டார். எழுப்ப வேண்டும் என்றேன். நானே எழுந்துவிடுவேன் என்பதுதான் உண்மை.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொன்னவள்தான். ஆனால் அது பெயர் உள்ளவர் கைக்குப் போய்விட்டது, அப்பா. இனி அது அவருடையது. நோட்டில் எண் 41-க்கு எதிரே சரி போட்டுவிட்டேன்.

நாங்கள் எழுந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. ஜன்னல்கள் வெளுத்து, பெஞ்சுகளின்மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது. காவலாளி வந்து, ஒவ்வொரு வரிசையாக, விளக்குகளை அணைத்தார்.